சத்தம் போடாத சைக்கிள்

கடையில் முறுக்குப் பாக்கெட் வாங்கினால்கூட காதருகே குலுக்கிப் பார்த்து, உள்ளே நொறுங்கியிருக்கிறதா என்று சோதித்து வாங்குகிற ஆள் சாரங்கபாணி. எங்கள் ஊர் திருவாரூருக்குக் கிழக்கே, வாய்க்காலின் கடைசியில் இருக்கிறது. கடைமடைக்காரர்கள் எல்லோருக்குமே கொஞ்சம் சந்தேக புத்தி உண்டு. மேலே இருக்கிறவர்கள் பாய்ச்சிக்கொண்ட மிச்சம்தான் நமக்கு என்றால் வேறு என்ன புத்தி வரும்? ஆனால் சாரங்கபாணி எங்களையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டுவிடுவார். நெல் கொள்முதல் நிலையத்துக்கு மூட்டைகளோடு தன் சொந்த ஸ்பிரிங் தராசையும் கொண்டுபோவார். கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தால், தன் வரிசைக்கு வருவதற்குள் பாயசத்தில் தண்ணீர் சேர்த்துவிட்டார்களா என்று தலையை நீட்டி எட்டிப் பார்ப்பார். உரக்கடை, பால் சொசைட்டி, மருந்துக்கடை என்று ஒன்று பாக்கியில்லை. டாக்டர் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தால் இன்னொரு டாக்டரிடம் போய் அது என்ன மாத்திரை என்று கேட்பார்.

ஐம்பது வயது தாண்டிய அந்த மனிதர் உலகத்தில் சந்தேகப்படாத ஜீவன் ஒன்றே ஒன்றுதான். அது அவர் மனைவி கலைமகள். பீரோ சாவி, நகை, பத்திரம், நெல் விற்ற பணம் எல்லாம் அவளிடம்தான் இருக்கும். ஒருநாளும் கேள்வி கேட்டதில்லை. அவள் எங்கே கையெழுத்துப் போடச் சொல்கிறாளோ அங்கே போடுவார்.

அந்த ஒருத்திதான் மார்கழி பிறந்ததிலிருந்து அவரை ஏமாற்றிக்கொண்டிருந்தாள்.

நடந்தது இதுதான். மேட்டூரில் தண்ணீர் குறைந்ததும் முறை வைத்துவிட்டார்கள். பக்கத்து வாய்க்காலுக்குப் பகல், எங்கள் வாய்க்காலுக்கு இரவு. பொழுது நன்றாக விடிந்ததும், மதகு திறந்து மூடுகிற அரசாங்க ஆளான லஸ்கர் வந்து தலைமதகை இறக்கிவிடுவார். சம்பாப் பயிர் கதிர் விட்டுப் பால் பிடிக்கிற நேரம் அது. அப்போது வயல் காய்ந்தால் கதிர் நிமிர்ந்து நிற்கும், உள்ளே பதர்தான் இருக்கும். இரவு முழுக்கத் தண்ணீர் விடுகிறார்கள் என்று லஸ்கர் சத்தியம் செய்கிறார். சாரங்கபாணியின் வயலுக்கோ காலை நனைக்கிற அளவுகூட வரவில்லை. மேலே யாரோ இரவில் வாய்க்காலுக்குள் மணல் மூட்டை போட்டு அடைக்கிறார்கள் என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. யார் என்பதுதான் தெரியவில்லை.

அடைத்தது ராம்கி. கலைமகளின் கூடப்பிறந்த தம்பி. வாய்க்காலோரமாகவே ஏழு கிலோமீட்டர் மேலே போனால் அவன் குத்தகைக்கு எடுத்த நிலம் வரும். மேட்டு நிலம். வாய்க்காலை அடைத்து மட்டத்தை உயர்த்தினால் ஒழிய அதில் தண்ணீர் ஏறாது.

கலைமகளுக்கு இது தெரியும். தெரிந்தும் புருஷனிடம் சொல்லவில்லை. ஏனென்றால், "அந்தப் பயல மட்டும் கரையில வச்சுப் பாத்தேன், மம்பட்டியாலயே நடுமண்டையில போடுறேன் பாரு" என்று சாரங்கபாணி தினம் இரண்டு வேளை சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லக்கூடியவர் மட்டுமல்ல, செய்யக்கூடியவரும்தான். ராம்கி அவருக்கு மேல் முன்கோபி. போன வருஷம் வரப்புத் தகராறில் ஒருவன் கையை உடைத்து, ஸ்டேஷன் வரை போய் வந்தவன். இந்த இரண்டு பேரும் பனிமூட்டத்தில் ஆளுக்கொரு மண்வெட்டியோடு எதிரெதிரே நின்றால், ஒரு வீட்டில் பாடை, இன்னொரு வீட்டில் ஜெயில். இரண்டுமே அவள் வீடுதான்.

அதனால் அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். இரவில் கரையில் போகக் கூடாது, கண்ணாடிவிரியன் கிடக்கிறது என்று புருஷனைத் தடுத்துவிட்டாள். விடியற்காலையில் அவர் மோட்டார் பைக்கை உதைக்கிற சத்தம் கேட்டதும் எழுந்து, தம்பிக்கு ஒரே ஒரு மிஸ்டு கால் கொடுப்பாள். ராம்கி மூட்டைகளைத் தூக்கிக் கரையில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுவான். சாரங்கபாணி போய்ச் சேரும்போது ஈர மூட்டைகள் கரையில் கிடக்கும், தண்ணீர் ஒன்றும் தெரியாததுபோல ஓடிக்கொண்டிருக்கும், ஆள் இருக்காது. பத்துப் பேர் வயல் ஒட்டிக் கிடக்கிற இடம், மூட்டையை வைத்து யார் என்று சொல்ல முடியாது.

"பைக் சத்தந்தான் கலை காட்டிக் குடுக்குது," என்றார் ஒருநாள். "பனிக்காலத்துல சத்தம் ரெண்டு ஊருக்கு முன்னாடி போயிடுது. நான் போறதுக்குள்ள களவாணிப்பய எந்திரிச்சு ஓடிடுறான்."

"ஆமாங்க, இருக்கும்," என்றாள் கலைமகள். மனசுக்குள் அந்தப் பைக்குக்கு ஒரு கும்பிடு போட்டாள்.

அந்த நிம்மதி ஒரு ஞாயிற்றுக்கிழமையோடு போயிற்று. நாகப்பட்டினம் ரோட்டோரம் சாரங்கபாணி நின்றுகொண்டிருந்தபோது, தலைக்கவசம் போட்ட நாலைந்து பேர் மெல்லிய சைக்கிள்களில் முதுகை வளைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து கடந்து போனார்கள். கடந்து போகும்வரை சத்தமே கேட்கவில்லை. திரும்பிப் பார்ப்பதற்குள் புள்ளியாகிவிட்டார்கள். அவர் வீட்டுக்கு வந்து வேட்டியைக்கூட மாற்றாமல் சொன்னார்: "கலை, நமக்கு அந்த மாதிரி சைக்கிள் ஒண்ணு வேணும். வேகமா போவணும், பனியில போவணும், சத்தம் வரக் கூடாது."

கலைமகள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். பைக் சத்தம் இருக்கிறவரை திருடன் தப்பியதற்கு ஒரு காரணம் இருக்கிறது. சத்தம் போடாத சைக்கிளில் போயும் திருடன் தப்பினால், போய்ச் சொன்னது யார் என்ற கேள்வி வரும். அவர் கிளம்புகிற நேரம் தெரிந்த ஆள் உலகத்தில் ஒருத்திதான்.

"நானும் வாரேன். உங்கள ஏமாத்திடுவாங்க," என்று சொல்லிக்கொண்டு அவளும் தஞ்சாவூருக்குப் பஸ் ஏறினாள்.

கடைக்காரர் பெயர் ஜாஃபர் சாதிக். அவரே ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கல்லணை வரை மிதித்துவிட்டு வருகிறவர். பனிக்காலத்துக்கு வேகமான சைக்கிள் என்று கேட்டதும் முகம் மலர்ந்து, சுவரில் மாட்டியிருந்ததில் ஒன்றை ஒற்றை விரலால் தூக்கிக் காட்டினார்.

"கார்பன் பாடிண்ணே. புடிச்சுப் பாருங்க."

சாரங்கபாணி விரலை மடக்கித் தட்டிப் பார்த்தார். "பிளாஸ்டிக்கா?"

"பிளாஸ்டிக் இல்லண்ணே, கார்பன். எட்டு கிலோதான்."

"எட்டு கிலோன்னு நீங்க சொல்றீங்க," என்று பையிலிருந்து தன் ஸ்பிரிங் தராசை எடுத்தார். கடையின் நடுவில் அந்த விலையுயர்ந்த சைக்கிள் நெல் மூட்டை மாதிரி தொங்கியது. எட்டே கால் காட்டியது. "பாத்தியா கலை?" என்று வெற்றியோடு திரும்பினார். பெடல் இல்லாமல் எட்டு கிலோ என்று ஜாஃபர் விளக்கியதை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கலைமகள் பின்சக்கரத்தைத் தள்ளிவிட்டுப் பார்த்தாள். கிர்ர்ர் என்று சில்வண்டு மாதிரி சத்தம் வந்தது. அவளுக்கு உயிர் வந்தது. "இதே நல்லா இருக்குங்க. ரோட்டுல ஆடு மாடு தானா விலகும்."

"மிதிக்காம உருளும்போது அப்படித்தாங்கா கேக்கும்," என்றார் ஜாஃபர். "சக்கரம் ஒசத்தி ஆக ஆக சத்தம் கூடும். அதைக் கேக்குறதுக்குன்னே வாங்குற ஆளுங்க இருக்காங்க."

"எனக்கு வேணாம்," என்றார் சாரங்கபாணி. "மூச்சு விடுற சத்தம்கூட வரக் கூடாது. கலரும் கறுப்பா இருக்கணும். லைட்டு வேண்டியதில்ல. விடியறதுக்கு முன்னாடி போறதுக்குத்தான்."

ஜாஃபர் சைக்கிளை மெதுவாக மறுபடி சுவரில் மாட்டினார். அவர் பார்வை சாரங்கபாணியின் காலிலிருந்து தலைவரை ஒரு தடவை போய்வந்தது.

"அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. மார்கழியில பொம்பளைங்க வாசல்ல கோலம் போட்டுக்கிட்டிருப்பாங்க. செயின அறுக்குற பயலுவதான் இப்படி ஒரு வண்டி கேப்பானுவ. ஒரு ஆதார் ஜெராக்ஸ் குடுத்துட்டுப் போங்க."

வாழ்க்கையில் முதல் தடவையாகத் தன்னை ஒருவன் சந்தேகப்பட்டதில் சாரங்கபாணி ஆடிப்போனார். "பாய், நான் பரம்பரை விவசாயி!" என்று கத்தினார். கலைமகளுக்கு அந்தக் கலக்கத்திலும் சிரிப்பு வந்துவிட்டது. தண்ணீர்த் திருடனைப் பிடிக்கத்தான் என்று அவள் எடுத்துச் சொன்னபிறகு ஜாஃபர் தணிந்தார். ஆனாலும் ஆதார் ஜெராக்ஸை வாங்கிக்கொண்டுதான் மேலே பேசினார்.

"இப்ப சொல்றதக் கேளுங்க. பனியில ரோடு நனைஞ்சு கெடக்கும். டிராக்டர் வயல்லேருந்து ஏறுற எடமெல்லாம் சேறு. எங்கேயாவது நெல்லைக் காயப் போட்டிருப்பாங்க, அதுல மெல்லிசு டயர் போனா வழுக்கி விட்டுரும். முப்பத்திரெண்டு எம்.எம். டயர் போடுங்க, காத்து கொஞ்சம் கம்மியா வைங்க. டிஸ்க் பிரேக் எடுங்க. வேகமாப் போற வண்டிக்கு நிக்கத் தெரியணும்ணே. மட்கார்டு இல்லாட்டி முதுகுல சேறு கோலம் போட்டுரும்."

சாரங்கபாணி கலைமகளை ஓரமாக அழைத்துப்போய்க் கிசுகிசுத்தார்: "விக்காம கெடக்குற டயரத் தலையில கட்டப் பாக்குறான். அந்த ரேஸ்காரனுங்க ஓட்டுறதெல்லாம் விரல் தண்டிதான் இருந்துச்சு."

"அவங்க மத்தியானத்துல ஓட்டுறவங்க. நீங்க பனியில போறவரு. அவரு சொல்றதுதான் சரி," என்றாள் கலைமகள். அதை அவள் மனதாரத்தான் சொன்னாள். புருஷன் வழுக்கி விழுவதில் அவளுக்கு என்ன லாபம்? பிறகு ஜாஃபரைக் கேட்டாள்: "அந்த டிஸ்க் பிரேக்கு சத்தம் போடுமா?"

"ஈரம் பட்டா சில நேரம் கீச்சுன்னு கத்துங்கா."

"அப்ப அதுவே இருக்கட்டும். மட்கார்டும் போட்டுருங்க. அது கடகடன்னு ஆடுமா?"

"நம்ம மாட்டினா ஆடாதுங்கா," என்றார் ஜாஃபர் பெருமையாக. கலைமகளுக்கு அந்த மனுஷனின் தொழில் சுத்தத்தின்மேல் ஆத்திரமாக வந்தது. அதோடு நின்றாரா? எந்தக் கம்பெனிச் சக்கரம் சத்தமில்லாமல் உருளும் என்று தேடி எடுத்து, பின்சக்கரத்தின் நடுக்கட்டையைக் கழற்றி உள்ளே கெட்டி கிரீஸை அடைத்து, சுற்றிக் காட்டினார். பூனை நடக்கிற மாதிரி சுற்றியது. கறுப்பு நிறம், ஆட்டுக்கொம்பு மாதிரி வளைந்த ஹேண்டில்பார், தடித்த டயர், டிஸ்க் பிரேக். சாரங்கபாணி மூன்று தடவை கீழே உட்கார்ந்து எழுந்து பார்த்துவிட்டு, பழைய பைக்கை விற்றுவிடலாம் என்று அங்கேயே முடிவு செய்தார்.

பார்சலில் போட்டால் ஒன்றுக்கு ஒன்று மாற்றிவிடுவார்கள் என்று சைக்கிளை அவரே ஓட்டிவந்தார். கலைமகள் பஸ்ஸில் வந்தாள். அம்மாபேட்டை தாண்டும்போது ஜன்னல் வழியே அவரைப் பார்த்தாள். வேட்டியை மடித்துக் கட்டி, துண்டைத் தலையில் இறுக்கி, குனிந்து மிதித்துக்கொண்டிருந்தார். இரண்டு பக்கமும் பச்சை வயல். அந்த முகத்தில் சந்தேகமே இல்லை. கல்யாணமான புதிதில்கூட அவள் அப்படி ஒரு முகத்தைப் பார்த்ததில்லை. இந்த மனுஷனைப் போய் ஏமாற்றுகிறோமே என்று நினைத்துக்கொண்டாள். ஒரு பஞ்சராவது ஆகக் கூடாதா என்றும் வேண்டிக்கொண்டாள்.

பஞ்சர் ஆகவில்லை. மறுநாள் விடியற்காலையே, சைக்கிள் பாடியில் கைப்பிடி குட்டையான ஒரு மண்வெட்டியை ரப்பர் டியூபால் இறுக்கிக் கட்டிக்கொண்டு அவர் கிளம்பிவிட்டார். ஜாஃபர் பார்த்திருந்தால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருப்பார்.

இப்போது கலைமகளுக்குத் தூக்கம் போயிற்று. உதைக்கிற சத்தம் இல்லை. கதவுத் தாழ்ப்பாள் நகர்கிறதா என்று இருட்டில் காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருந்து, நகர்ந்ததும் போனை எடுக்க வேண்டியிருந்தது. முதல் நாள் ஆள் இல்லை, ஈர மூட்டைதான். இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள் திரும்பிவந்த சாரங்கபாணி சைக்கிளைச் சாய்த்துவிட்டு, அதற்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார்.

"சத்தமும் இல்ல, வெளிச்சமும் இல்ல," என்றார் சைக்கிளைப் பார்த்து. "அப்புறம் எப்படி அவனுக்குத் தெரியுது? எவனோ தகவல் குடுக்குறான் கலை."

"யாருங்க குடுக்கப் போறா?"

"லஸ்கரா இருக்கும். இல்லாட்டி டீக்கடை ரெத்தினம். நான் போறப்ப அவந்தான் அடுப்பு மூட்டிக்கிட்டு நிக்கிறான்."

அன்று சாயங்காலம் டீக்கடை ரெத்தினத்திடம் போய், "ஏய்யா, உனக்கும் மேல்வாய்க்கால்காரனுக்கும் என்ன கொடுக்கல் வாங்கல்?" என்று சண்டை போட்டுவிட்டு வந்தார். ரெத்தினம் பாவம், கையில் வடிகட்டியோடு திருதிருவென்று விழித்தானாம். லஸ்கரை நாலு பேர் முன்னால் கேட்கக் கூடாத வார்த்தை கேட்டார். ஊரில் ஒவ்வொரு ஆளாகக் கழித்துக்கொண்டே வந்தார். வீட்டுக்குள் மட்டும் அவர் பார்வை திரும்பவில்லை. அதுதான் கலைமகளை வதைத்தது. தன்னால் பழி சுமந்த ரெத்தினத்தின் கடைப்பக்கம் போகவே அவளுக்குக் கூசியது.

அவள் தம்பிக்குப் போன் செய்து அழுதாள். "ராம்கி, உன் கால்ல விழுறேன், மூட்டைய எடுத்துருடா. இனிமே என்னால போன் போட முடியாது."

"மேட்டு நெலம்க்கா. இந்தப் பத்து நாள் காஞ்சா கதிரு பூரா பதர். குத்தகை நெல்லு எங்கேருந்து அளப்பேன்? அத்தான் வந்தா வரட்டும், நான் ஒண்ணும் கையில வளையல் போட்டுக்கிட்டு நிக்கல," என்று அவன் வைத்துவிட்டான். போன் போடாவிட்டால் கொலை விழும். போட்டால் என்றாவது தெரிந்துவிடும். அவளுக்கு வேறு வழி இல்லை.

அடுத்த நாள் சாரங்கபாணி வழக்கத்தைவிட வெகு முன்னாலேயே எழுந்தார். மனைவியின் தூக்கத்தைக் கெடுக்க வேண்டாம் என்று கொல்லைப்பக்கமாகச் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு வெளியேறினார். அதில் சூதெல்லாம் இல்லை. அவள் நாலைந்து நாளாகச் சரியாகத் தூங்கவில்லை என்பதை அவரும் கவனித்திருந்தார்.

பனி இறங்கிக் கரை ரோடு ஈரமாகக் கிடந்தது. தடித்த டயர் ஒட்டிக்கொண்டு ஓடியது. ராம்கியின் வயலை நெருங்கும்போது வாய்க்காலுக்குள் தண்ணீர் சலசலப்பு மாறிக் கேட்டது. பிரேக்கை மெல்லப் பிடித்தார். அது கத்தவில்லை. மூங்கில் புதரோரம் ஒற்றைக் காலை ஊன்றி நின்று பார்த்தார்.

மங்கலான நிலா வெளிச்சத்தில், இடுப்பளவுத் தண்ணீரில் ராம்கி நின்றிருந்தான். பனியில் பல் கிட்டிப்போய் நடுங்கிக்கொண்டு, சரிந்த மூட்டையை முட்டுக் கொடுத்து நிமிர்த்திக்கொண்டிருந்தான். கரையில் அவன் மண்வெட்டியும், மடித்து வைத்த சட்டையும், அதன்மேல் போனும் இருந்தன. மைத்துனனைப் பார்த்ததும் சாரங்கபாணியின் கை தானாக ரப்பர் டியூப் முடிச்சுக்குப் போனது. முடிச்சு பாதி அவிழ்ந்துவிட்டது.

அப்போது அந்தப் போன் வெளிச்சம் விட்டு ஒரே ஒரு தடவை அடித்து நின்றது. ராம்கி அதை எடுக்கவில்லை. "ஐயோ, அத்தான் கெளம்பிட்டாரு," என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு, அரக்கப்பரக்க மூட்டைகளைத் தூக்கிக் கரையில் எறிய ஆரம்பித்தான்.

சாரங்கபாணிக்குப் புரிய வெகுநேரம் ஆகவில்லை. கலைமகள் இப்போதுதான் விழித்திருக்கிறாள். பக்கத்தில் ஆளைக் காணாமல் போனைத் தேடி எடுத்திருக்கிறாள். லஸ்கர் இல்லை, ரெத்தினம் இல்லை. அவருக்குக் கோபம் வரவில்லை. அழுகைதான் வந்தது. உலகத்தில் ஒரே ஒரு இடத்தில்தான் அவர் தராசு இல்லாமல் இருந்தார், அங்கேதான் ஏமாந்திருந்தார். மைத்துனன் மூட்டைகளை எறிந்துவிட்டு, மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடி மறையும்வரை அப்படியே நின்றார். தண்ணீர் விடுபட்டு, கடைமடையை நோக்கி ஓடியது. பாதி அவிழ்ந்து கிடந்த முடிச்சை அப்போதுதான் பார்த்தார். இன்னும் ஒரு நிமிஷம் அந்தப் போன் அடிக்காமல் இருந்திருந்தால், தான் என்ன செய்திருப்போம் என்று அவருக்குத் தெரியும்.  முடிச்சை இறுக்கிக் கட்டிவிட்டுச் சைக்கிளைத் திருப்பினார்.

வாசலில் கலைமகள் வெளுத்துப்போய் நின்றிருந்தாள். "யாராவது இருந்தாங்களா?"

"யாரும் இல்ல," என்றார்.

அன்று மாலையே அவர் குரல் உரத்துவிட்டது. "கலை! நாளைக்கு நாலு மணிக்குக் கெளம்புறேன். கரெக்டா நாலு!" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி அறிவித்தார். அதற்கப்புறம் தினமும் அதே அறிவிப்பு, அதே நாலு மணி. மூன்று மணிக்குப் போனால் இன்னும் நிறையத் தண்ணீர் வரும்தான். ஆனால் மேட்டு நிலத்திலும் பயிர் பால் பிடிக்கிற நேரம்தானே என்று அவர் யோசித்ததை யாரிடமும் சொல்லவில்லை. நாலு மணிக்கு முன்னால் ராம்கிக்கு, நாலு மணிக்குப் பின்னால் தனக்கு என்று ஒரு முறையைத் தானாகவே வைத்துக்கொண்டார். மண்வெட்டியைச் சைக்கிளிலிருந்து கழற்றிவிட்டார். கனம் குறைந்தால் வேகம் கூடும் என்று கலைமகளிடம் காரணம் சொன்னார். ஏழு கிலோமீட்டரெல்லாம் போகவில்லை. தெரு முனையில் ரெத்தினத்தின் டீக்கடையில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, முதல் டீயை வாங்கிக்கொண்டு, வாய்க்காலில் தண்ணீர் ஏறுகிறதா என்று பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். திடீரென்று தன்னிடம் சிரித்துப் பேச ஆரம்பித்த இந்த மனுஷன்மீது ரெத்தினத்துக்குத்தான் இப்போது சந்தேகம். வயலில் தண்ணீர் நின்றது. கதிர் கனத்துச் சாய்ந்தது.

கலைமகளுக்கு மட்டும் நெஞ்சு ஆறவில்லை. திருடன் கிடைக்காமலே திரும்பிவருகிற ஆளுக்கு எப்படி இவ்வளவு நல்ல முகம்? எதற்கு இப்படி நேரத்தைக் கத்திச் சொல்கிறார்? ஒருவேளை பொறி வைக்கிறாரோ? அவள் அவருடைய சட்டைப் பையைத் தடவிப் பார்க்க ஆரம்பித்தாள். சைக்கிள் டயரைக் குனிந்து பார்த்தாள். ஏழு கிலோமீட்டர் போய்வந்த டயரில் சேறே இல்லை. இனி இந்த நாடகம் வேண்டாம், வருவது வரட்டும் என்று ஒருநாள் முடிவு செய்தாள். தாழ்ப்பாள் நகர்ந்தது. அவள் போனைத் தலையணைக்கு அடியில் தள்ளிவிட்டு, சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்து அழுதாள்.

ஒன்றரை மணி நேரம் கழித்துக் கதவு திறந்தது. சாரங்கபாணி வேட்டியில் ஒரு பொட்டுச் சேறு இல்லாமல் நின்றார்.

"தண்ணி வரல கலை," என்றார் சாதாரணமாக. "இன்னிக்கு ராம்கிக்குப் போன் போட மறந்துட்டியா?"

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "எத்தனை நாளா தெரியும்?"

"சைக்கிள் வாங்குன வாரத்துலேருந்து."

"அப்ப தினமும் எங்க போனீங்க?"

"டீக்கடைக்கு. அதுக்கு மேல போனா நீ பயந்துக்குவ," என்றவர், தலையணைக்கு அடியிலிருந்து போனை எடுத்து அவள் கையில் வைத்தார். "போடு. லஸ்கர் வந்து மூடுறதுக்குள்ள தெக்கு வயல் பாயணும்."